கரண்ட் வந்ததும் சிஎன்சி மெஷின் ஏன் முதலில் ‘ஹோம்’ போகிறது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். பவர் போய் வந்தால் பல சிஎன்சி மெஷின்கள் உடனே வேலையைத் தொடங்காது. இன்கிரிமென்டல் என்கோடர் நகர்ந்த தூரத்தை மட்டுமே எண்ணும். கரண்ட் போனால் கணக்கு காலி. அதனால் மெஷின் மெதுவாகப் போய் ஹோம் ஸ்விட்சைத் தொடும். பின்வாங்கி, இன்னும் மெதுவாக மறுபடி தொடும். அதுதான் பூஜ்யம். (அப்சல்யூட் என்கோடர் இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.)

சரி, லிமிட் ஸ்விட்ச் வயரே அறுந்திருந்தால்? தொட்டால்தான் சிக்னல் வரும் என்ற வயரிங்கில் மெஷின் நிற்காமல் போய் மோதும். எனவேதான் தொட்டால் இணைப்பு துண்டாகும்படி அமைக்கிறார்கள். வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். குறித்த நேரத்துக்குள் ஹோம் ஸ்விட்ச் கிடைக்கலைன்னா சாஃப்ட்வேரும் அலாரம் கொடுத்து நிறுத்தணும்.

அடிக்கடி அலாரம் வருதுன்னு லிமிட் ஸ்விட்சை ஷார்ட் பண்ணி ஓட்டினால், இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு.