பாலில் ஹார்மோன்: ஆய்வகம் எதைக் காட்டும், புகார் எங்கே செல்லும்

ஹார்மோன் அறவே இல்லாத பால் எந்த மாட்டிடமும் கிடையாது. பசு சினையானால் பாலில் புரோஜெஸ்டிரோன் கூடுகிறது. கருவூட்டிய 21 முதல் 24ஆம் நாளுக்குள் அதை அளந்து, சினை பிடிக்காத மாட்டைக் கண்டறியும் சோதனையே உண்டு. கன்று முட்டும்போதும், கறப்பவர் மடியைக் கழுவித் தடவும்போதும் ஆக்சிடோசின் இயல்பாகவே ரத்தத்தில் இறங்கிப் பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. ஆகவே பாலில் ஹார்மோன் இருப்பதாக ஓர் அறிக்கை வந்தால், அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது.

தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களிலிருந்து எழும் புகார்கள் பல இந்த இடத்திலேயே சறுக்கிவிடுகின்றன. பக்கத்துத் தொழுவத்தில் ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கறக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பாட்டில் பாலோடு ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் பொருள். ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும். ஊசி போட்ட மாட்டின் பாலையும் போடாத மாட்டின் பாலையும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடித்தாலும் அது குடலில் செரித்துப்போகும். பாதிப்பு முதலில் மாட்டுக்குத்தான். பால் சோதனையில் ஊசி போட்டது தெரியவராது. தொழுவக்காரரோ அந்தத் தாளையே நற்சான்றாகக் காட்டுவார். பிடிக்க வேண்டியது மருந்துக் குப்பியை, பாலை அல்ல.

குப்பிக்கான அலுவலகமும் வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, விவசாயிக்கும் கால்நடை வளர்ப்புக்கும் பொருந்தாது என்று அதன் 18(3) பிரிவே சொல்கிறது. தொழுவத்து ஊசிக்காக உணவுப் பாதுகாப்பு அதிகாரியை அழைப்பவருக்கு ‘எங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற அதிகாரியைக் காண்பது அரிது. புகார் இரண்டாகப் போக வேண்டும். ஒன்று, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு: விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, 12ஆம் பிரிவின்படி, பால் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான எந்த ஊசி போட்டாலும் 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும், மாடும் அரசுக்குப் போகும். ஆனால் 36ஆம் பிரிவு குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கச் சொல்கிறது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் வழக்கே கிடையாது.

இரண்டாவது புகார் மருந்துகள் ஆய்வாளருக்கு. ஆக்சிடோசின் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து. உரிமம் இல்லாமல் விற்பவருக்கு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டம், 1940, குறைந்தது 3 ஆண்டு சிறை விதிக்கிறது. லேபிளில் உள்ள தொகுதி எண், தயாரிப்பாளர், காலாவதித் தேதி, விற்ற கடை ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். லேபிளே இல்லாத குப்பி என்றால் அதையும் எழுத வேண்டும். அடுத்தவர் தொழுவத்தில் நுழைந்து குப்பியை எடுத்துவரக் கூடாது. நீதிமன்றத்தில் அது புகார்தாரர் மேலேயே திரும்பும். 2018இல் மத்திய அரசு ஆக்சிடோசினின் தனியார் உற்பத்திக்கு விதித்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்த இதே மருந்துதான் தேவை. ஆகவே குப்பியைக் கண்ட மாத்திரத்தில் குற்றம் என்று கூவவும் கூடாது. கால்நடை மருத்துவரின் சீட்டு இருக்கிறதா என்பதே கேள்வி.

ஊசிக்கு இவ்வளவு பதறும் வீடுகள், பாலில் மெய்யாகவே அளக்கக்கூடிய நஞ்சைக் கேட்பதே இல்லை. மழைக்காலத்தில் ஈரச் சாக்கில் அடுக்கிய தேங்காய்ப் பிண்ணாக்கிலும் கடலைப் பிண்ணாக்கிலும் பச்சைப் பூஞ்சை படரும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் பி1ஐ மாடு தின்றால், அதன் ஒரு பகுதி எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினால் போகாது. தயிராக்கினாலும் போகாது. பாலில் அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க எடுத்த 6,432 மாதிரிகளில் 368இல் இந்த அளவு மீறியிருந்தது. தமிழ்நாட்டில் 551க்கு 88, கேரளத்தில் 187க்கு 37. எல்லையின் இரு பக்கமும் பட்டியலின் உச்சியில் நின்றன. கலப்படம் எனத் தேறியவை நாடு முழுக்கப் பன்னிரண்டுதான். பூசணம் பிடித்த பிண்ணாக்கைக் கோழிக்கோ கன்றுக்கோ போட்டுத் தீர்ப்பதும் பிழை. தூர எறிய வேண்டும்.

மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஏற்றிய மாட்டின் பாலும் அப்படியே. லேபிளில் நிறுத்தக் காலம் (மருந்துக்குப் பின் பாலையும் இறைச்சியையும் விற்கக் கூடாத நாட்கள்) இல்லையென்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது விதி. மருந்து போட்ட அன்றே சாயங்காலம் சொசைட்டியில் ஊற்றுகிற பழக்கம் இதற்கு நேர் எதிர்.

வாங்குபவர் சோதனை கேட்க வழி உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி எவரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை வாங்கலாம். நிபந்தனை ஒன்றே: வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் வீட்டுச் செம்பில் கொண்டுபோகும் பால் வழக்குக்கு உதவாது. விண்ணப்பத்தில் ‘பால் நல்லதா’ என்று கேட்கக் கூடாது. ‘அஃப்ளடாக்சின் எம்1’, ‘ஆன்டிபயாட்டிக் எச்சம்’ என்று பொருளின் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதாவிட்டால் கொழுப்பும் தண்ணீரும் பார்த்துத் திருப்பிவிடுவார்கள். குற்றம் தேறினால் கட்டணம் திரும்பி வரும். அறிக்கையும் நியமன அதிகாரிக்குப் போகும்.

நேரமும் முக்கியம். 2023 ஜனவரியில் ஆரியங்காவில் சுமார் 15,300 லிட்டர் பால் டேங்கரைப் பிடித்த கேரளப் பால்வளத் துறை, ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகச் சொன்னது. உணவுப் பாதுகாப்புத் துறை பின்னர் சோதித்தபோது அது இல்லை. பெராக்சைடு பாலில் நேரம் போகப்போகத் தண்ணீரும் ஆக்சிஜனுமாகச் சிதைந்துவிடும் பொருள். தாமதம் யாருடையது என்று இரு துறைகளும் சண்டையிட்டன. பாறசாலையில் அதே பால்வளத் துறையின் சோதனைச் சாவடி உண்டு. அங்கே புகார் சொன்னால் மட்டும் போதாது. பறிமுதலும் வழக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் வேலை.

உணவுப் புகார் எந்த மாநிலத்துக்கு என்பதை விற்ற இடமே முடிவு செய்யும். தொழுவம் களியக்காவிளையில் இருந்து, பால் இஞ்சிவிளைக் கடையில் விற்றால், உணவுப் புகார் கேரளத்துக்கு: பாறசாலை வட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரி, அல்லது கட்டணமில்லா எண் 1800 425 1125. ஊசிப் புகார் மட்டும் தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்கு. ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் இரு பக்கமும் கைகழுவும். மனு கொடுத்ததும் பெற்றதற்கான முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பங்காக முத்திரையிடப்பட வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். உணவுக் குற்ற வழக்குக்குக் கெடு ஓராண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணம் எழுதி 3 ஆண்டு வரை நீட்டலாம்.