உள்ளே... வெளியே... மறுபடி உள்ளே!

மார்கழி நெருங்கினால் ஸ்ரீரங்கத்தில் காவல்துறைக்கும் வேலை கூடிவிடும். பகல்பத்து, இராப்பத்து என்று மூன்று வாரத் திருவிழா. சொர்க்கவாசல் திறக்கிற அன்று லட்சக்கணக்கில் ஜனம். ஜேப்படிக்காரர்களுக்கும் அதுதான் சீசன் என்பதால் 'பழைய குற்றவாளிகள்' யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடல் தொடங்கும். குற்றம் செய்யப்போகிறார் என்று தோன்றினால் ஒருவரை 24 மணி நேரம்வரை பிடித்து வைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கூட்டத்தில் தாலிச்சங்கிலியைப் பறிகொடுத்தவரிடம் கேட்டால் இது போதாது என்பார். அதுவும் நியாயம்தான். ஆனால், திருட்டை விட்டு நாலு வருஷமாகி, ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பொரிகடலை விற்கிற ஒருவருக்கு வருஷத்தில் நல்ல வியாபாரம் நடப்பதே அந்த மூன்று வாரம்தான். அப்போது ஸ்டேஷனில் உட்காரவைத்தால் அவர் எதை விற்பார்?

ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் ஏன் மறுபடி போகிறார்கள் என்று கேட்டால் குடி, கஞ்சா, கூடா நட்பு என்று பதில் வரும். அதெல்லாம் உண்டு. ஆனால் வெளியே வந்தவரை வெளியே இருக்கவிடாமல் இழுப்பதில் கோர்ட், ஸ்டேஷன் காகிதங்களுக்கு இருக்கிற பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திருச்சி மத்திய சிறை 1865-ல் வந்தது. ஜெயில் கார்னர் என்று பஸ் ஸ்டாப்புக்கே பெயர். தண்டனைக் கைதிக்கு உள்ளே வேலையும் கூலியும் உண்டு. அந்தக் கூலியில் ஒரு பகுதி, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகும். மிச்சத்தோடு வெளியே வரலாம். ஆனால் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களே இல்லை. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறைத் தொழிற்கூடமும் கூலியும் முக்கியமாகத் தண்டனைக் கைதிகளுக்குத்தான். விசாரணைக் கைதி ஜாமீனில் வரும்போது கையில் இருப்பது வாய்தா தேதி ஒன்றுதான்.

அந்த வாய்தாதான் ஆளைத் தின்கிறது. ஜாமீனில் வந்த ஒருவர் திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி லாரி வரும், விடிவதற்குள் சரக்கு இறங்க வேண்டும். சான்றிதழ் கேட்காத வேலை. ஆனால் ராத்திரி நடமாடினால் ரோந்துக்காரர் நிறுத்துவார், பெயரைக் கேட்பார், பெயர் தெரிந்ததும் வண்டியில் ஏறச் சொல்வார். அதிலிருந்து தப்பினால் காலையில் ஜாமீன் நிபந்தனைப்படி ஸ்டேஷனில் 'கண்டிஷன்' கையெழுத்து. அது முடிந்தால் கோர்ட். அங்கே நீதிபதி விடுப்பு, அல்லது சாட்சி வரவில்லை, வேறு தேதி. ஒருநாள் கூலி போனதுதான் மிச்சம். இப்படி நாலைந்து முறை அலைந்தவர் அடுத்த வாய்தாவுக்குப் போகாமல் விடுவார். பிடிவாரண்ட் பிறக்கும். புதிதாக ஒரு குற்றமும் செய்யாமலேயே மறுபடி உள்ளே! இந்த முறை அங்கே ஏற்கெனவே நாலு பேரைத் தெரியும். வெளியே வேலை கொடுக்க ஆள் இல்லாதவருக்கு அவர்கள்தான் 'வேலை' கொடுப்பார்கள்.

இதற்கு மேல் நன்னடத்தைப் பிணை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 129 ஆகியிருக்கிறது. ஒழுங்காக இருப்பேன் என்று மூன்று வருஷம்வரை எழுதி வாங்கலாம். ஸ்டேஷனில் வைத்திருக்கும் ரௌடி பட்டியலோ தனி. அதில் ஒருவர் பெயரை நீட்டிப்பதென்றால் காரணத்தை ஆராய்ந்து நீட்டிக்க வேண்டும், யந்திரம் மாதிரி நீட்டிக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

என்னை உறுத்துவது இனிமேல் வரப்போகிற காலம். காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது ஒரே ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும். திருந்த நினைத்தவர் கொள்ளிடத்தைத் தாண்டி லால்குடிப் பக்கமோ, பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்ப் புது ஆளாக வாழ முடிந்தது. எத்தனையோ பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். 2021-லிருந்து தமிழ்நாடு காவல்துறையிடம் முகத்தை வைத்தே ஆளை அடையாளம் காட்டும் செயலி இருக்கிறது. ஊர் மாறினால் முகம் மாறுமா? 2022-ல் வந்த மத்தியச் சட்டப்படி, கைதானவரின் கைரேகை, படம், கருவிழிப் பதிவு எல்லாவற்றையும் 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் வழக்கிலிருந்து விடுபட்டால் பதிவை அழிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். விடுபடவே பத்து வருஷம் ஆகிறவருக்கு என்ன பயன்?

ரேகைச் சட்டம் என்று சொல்லப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது ஒரு சாதியில் பிறந்ததே குற்றமாயிற்று. 1947-ல் அதை இங்கே ஒழித்தோம். மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தோம். இப்படிப்பட்ட சட்டங்கள் தேவையா என்று மாநிலங்கள் யோசிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காகிதச் சட்டத்தைப் பற்றியே இன்னும் யோசித்து முடியவில்லை, கேமரா முந்திக்கொண்டுவிட்டது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ரௌடி பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போடலாம். காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீல் இலவசம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மனு எழுதும்போது, பெயரோடு சேர்த்துக் காவல்துறையிடம் இருக்கும் படத்தையும் அழிக்க வேண்டும் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள்.