அலுவலகக் கணிப்பொறியும் மாற்று உலாவியும்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, ஆழ்வார் அவதரித்த திருமழிசையில், இன்று சிட்கோ தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. அத்தகைய பேட்டைகளில் உள்ள சிறு தொழிலகங்களிலும் வரிக் கணக்கு, வங்கி வேலை, ஒப்பந்தப்புள்ளி ஆகியவை கணிப்பொறி வாயிலாகவே நடைபெறுகின்றன. இவற்றுக்கெல்லாம் வாயிற்கதவாக நிற்பது உலாவி என்னும் மென்பொருள். ஒரே அலுவலகத்தில் ஒருவர் குரோமையும், மற்றொருவர் பயர்பாக்ஸையும், வேறொருவர் எட்ஜையும் விரும்புவர். விரும்பினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம்.

உலாவிகளில் அவ்வப்போது பழுதுகள் கண்டறியப்படுகின்றன. ஆக்கியோர் திருத்தம் வெளியிட்டதும், ஓட்டை எங்கே இருந்தது என்பதைக் கள்வரும் அறிந்துகொள்கின்றனர். பொறுப்பாளருக்குத் தெரியாமல் நிறுவப்பெற்று, திருத்தமின்றிக் கிடக்கும் ஓர் உலாவி போதும். வங்கிக் கடவுச்சொல் களவு போய்விடும்.

அப்படியாயின் ஒன்றைத் தவிர மற்றவற்றை விலக்கிவிடலாமே என்று தோன்றும். ஆழ்வார் சொன்ன அளவில் பெருமாள் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியை விட்டுப் புறப்பட்டார் என்பர். உலாவிகள் அவ்வளவு எளிதில் புறப்படுபவை அல்ல! நிர்வாகி உரிமை இல்லாதவரும் குரோமைத் தம் கணக்கில் நிறுவிக்கொள்ள இயலும்.

ஒன்றையே நம்புவதிலும் இடர் உண்டு. மின்கையொப்பம் இடுவதற்கு ஜாவாச் செருகுநிரலை வேண்டிய தளங்கள் முன்பு பல இருந்தன. அச்செருகுநிரலைக் குரோம் 2015 செப்டம்பரிலும், பயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் கைவிட்டன. ஆகவே கையொப்பத்திற்காகவே பலர் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வைத்துக்கொண்டிருந்தனர். 2022 ஜூன் 15-இல் அதற்கும் ஓய்வு கொடுக்கப்பட்டது. பழைய தளங்களுக்கென எட்ஜில் ஒரு தனி முறையை வைத்து, 2029 வரையேனும் அதனைப் பேணுவதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கிறது.

எனவே இரண்டு உலாவிகளை ஏற்று, அவ்விரண்டையும் மையத்திலிருந்தே ஆளுவதுதான் தக்க வழி என்பது என் கருத்து. எந்த நீட்சியை அனுமதிப்பது, கடவுச்சொல்லைச் சேமிக்க விடுவதா என்பனவற்றை விண்டோஸ் குழுக்கொள்கை வாயிலாக விதிக்கலாம். பயர்பாக்ஸும் 2018-இல் தன் 60-ஆம் பதிப்பு முதல் இதற்கு இணங்கிவிட்டது. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் தோற்றமும் வசதிகளும் அடிக்கடி மாறுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாமல் வரும். அலுவலகத்திற்கு அதுவே ஏற்றது.

நம் நாட்டிலும் ஓர் உலாவி உண்டு. சோகோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட ‘உலா’, மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025-இல் முதற்பரிசு பெற்றது. பெயர் தமிழாயினும் உள்ளிருக்கும் எந்திரம் குரோமியமே. குரோமியத்திற்குத் திருத்தம் வெளிவந்த எத்தனை நாளில் உலாவுக்கும் அது வந்து சேர்கிறது என்பதைப் பார்த்த பின்னரே பொறுப்பாளர் அதனை அலுவலகத்தில் நிறுவுதல் வேண்டும்.