பனிக்காலக் கதைகள்

வட அமெரிக்காக் கண்டத்தில் கடல்போற் பரந்த ஐந்து பேரேரிகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த காடுகளிலும் நீர்க்கரைகளிலும் தொன்றுதொட்டு வாழ்பவர் அனிஷினாபே மக்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொத்தவாத்தமி முதலிய இனத்தார் இப்பெயரால் வழங்கப்படுவர். அவர்தம் நிலம் இன்று கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

இம்மக்களிடையே கதைக்கும் பருவம் உண்டு. தாம் கண்டனவும் கேட்டனவும் ஆகிய செய்திகளை எக்காலத்தும் சொல்லலாம். அவை 'திபாஜிமோவின்' எனப்படும். உலகத் தோற்றத்தையும் நனபோஷோ என்னும் மாயவல்லவனின் செயல்களையும் கூறும் தொல்கதைகளோ 'ஆதிசூக்கான்' எனப்படும். நிலத்தைப் பனி மூடியிருக்கும் காலத்திலேயே இவற்றைச் சொல்லுதல் மரபு.

இவ்விரு சொற்களுக்கும் இலக்கணத்திலும் வேறுபாடு உண்டு. அம்மொழி பெயர்ச்சொற்களை உயிருடையன, உயிரில்லன என இரு கூறாகப் பகுக்கும். அப்பகுப்பு நாம் எதிர்பார்ப்பது போன்றதன்று. கல் உயிருடைய பொருள், புகைக்குழாயும் அவ்வாறே. ராஸ்பெரிப் பழம் உயிருடையது. ஸ்ட்ராபெரிப் பழமோ உயிரில்லது! காரணம் வினவுவார்க்கு வழக்கே விடையாகும். காணப்படும் பொருளுக்கு ஏற்ப வினையும் மாறும். உயிருடையதைக் 'காண்கிறேன்' என்பதற்கு 'நிவாபமா' என்றும், உயிரில்லதாயின் 'நிவாபந்தான்' என்றும் கூறுவர். செய்தியைக் குறிக்கும் 'திபாஜிமோவின்' உயிரில்லாத பெயர். 'ஆதிசூக்கான்' உயிருடைய பெயர். தொல்கதை அவர்க்கு உயிருள்ள ஒன்று என்க.

அக்கதைகளுள் வாழ்க்கைக்கு வேண்டிய அறிவும் பொதிந்துள்ளது. நீரின்மேல் உணவு விளையும் நாட்டை அடையும்வரை முன்னோர் கீழ்க்கடற்கரையினின்று மேற்கு நோக்கி நடந்தனர் என்பது அவர்தம் பழைய வரலாறு. அவ்வுணவே 'மநூமின்' என்னும் காட்டரிசி. கோடை இறுதியில் இருவர் ஓர் ஓடத்தில் ஏறுவர். ஒருவர் கழி ஊன்றி ஓடத்தைச் செலுத்த, மற்றவர் இலேசான கோல்களால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். முதிர்ந்த மணிகள் ஓடத்துள் உதிரும். நீரில் வீழ்வன மறு ஆண்டுக்கு விதையாகும். பின்னர் அரிசியை வறுத்து, மிதித்து உமி நீக்கி, மரப்பட்டை முறத்தால் புடைத்தெடுப்பர். அம்மாதத்திற்கே 'மநூமினிகெ கீசிஸ்', அரிசி கொள்ளும் திங்கள், என்று பெயர். தமிழில் 'திங்கள்' மதியையும் மாதத்தையும் குறித்தல் போல, 'கீசிஸ்' என்னும் சொல் ஞாயிறு, மதி, மாதம் மூன்றையும் குறிக்கும்.

இவ்வாறு வழிவழி வந்த மொழிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரிடர் நேர்ந்தது. 1879-இல் கார்லைல் என்னும் ஊரில் பழங்குடிச் சிறார்க்கென உண்டுறைப் பள்ளியொன்று தொடங்கிற்று. அதனைப் பின்பற்றிப் பல பள்ளிகள் எழுந்தன. கனடாவிலும் அத்தகையன பல இருந்தன. தாய்மொழி பேசிய பிள்ளைகள் ஆங்குத் தண்டிக்கப்பட்டனர். பனிக்காலம் முழுதும் அவர்கள் பள்ளியிலே அடைபட்டனர். கோடையில் வீடு திரும்பியவர்க்கும் கதை கிட்டவில்லை. கோடை, கதைக்குரிய காலம் அன்றே! பாட்டன் வாயில் கதை இருந்தது. கேட்கும் செவிதான் அருகில் இல்லை. பின்பு தாமே பெற்றோரானபோது அவருட் பலர், அடிக்கு அஞ்சிய பழக்கத்தால், தம் மக்களுக்கு ஆங்கிலமே புகட்டினர். கனடாவின் கடைசிப் பள்ளிகள் 1990-களில்தான் மூடப்பட்டன. 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்பு வேண்டினார்.

அப்பள்ளிகளுள் ஒன்றிற் பயின்றவர் பேசில் ஜான்ஸ்டன் (1929–2015). மொழியை மறக்கச் செய்யும் இடத்தில் வளர்ந்தும் அவர் அதனை மறந்திலர். டொராண்டோ நகரின் அரச ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் பணியாற்றி, முதியோர் வாய்க்கதைகளைக் கேட்டு நூல்களாக எழுதினார். மின்னசோட்டாப் பல்கலைக்கழகமோ ஒஜிப்வே மொழிக்கு மின்னணு அகராதி ஒன்றை அமைத்துள்ளது. அதில் சொல்லைப் படிப்பதோடு, முதியோர் அதனை ஒலிக்கும் குரலையும் கேட்கலாம். எழுத்து மட்டும் காட்டும் அகராதியினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் 'வாடூகொடாடிங்' என்னும் பள்ளி, இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஒஜிப்வே மொழியிலேயே பாடங்களைக் கற்பித்து வருகிறது. ஒருவர்க்கொருவர் உதவும் இடம் என்பது அப்பெயரின் பொருள். இளவேனிலில் மாணவர் காட்டிற்குச் சென்று மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு வடிப்பர். ஏறத்தாழ நாற்பது படி சாறு காய்ச்சினால் ஒரு படி பாகு கிடைக்கும். ஒரு காலத்தில் பள்ளியில் பேசினால் அடி வாங்கித் தந்த மொழியிலேயே, பேரப்பிள்ளைகள் அச்சாற்றுக்குக் கணக்குப் போடுகின்றனர்.