பழைய காரின் பல்லைப் பார்த்தல்

சந்தையில் மாடு வாங்குபவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பின்னரே விலை பேசுவார். பழைய கார் வாங்குபவரோ வண்ணப் பூச்சையும் இருக்கை உறையையும் கண்டு மயங்கிவிடுகிறார். காருக்கும் பற்கள் உண்டு. அவை கியர் பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கின்றன. பெட்டியைக் கழற்றாமலே அவற்றின் நிலையை அறியும் வழிகளை இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதிகளில், லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரைக் கடன்பட்டு வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. என் மாமாவும் அவர்களுள் ஒருவர். கியர் பெட்டி பழுதானால் வண்டி நின்றுவிடும்; கடன் தவணை நிற்காது. எனவே இது ஒரு குடும்பத்தின் சோற்றைப் பற்றிய செய்தியும் ஆகும்.

மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. அதைத் திருத்திவிடுவோர் உண்டு. எண் சரியானதே என்றாலும் அது முழுக் கதையைச் சொல்லாது. நெடுஞ்சாலையில் திருச்சி சென்றுவரும் கார் பெரும்பகுதித் தூரத்தை மேல் கியரிலேயே கடக்கிறது. தாம்பரத்திற்கும் கிண்டிக்கும் இடையே நெரிசலில் ஊரும் காருக்கோ ஓயாமல் கியர் மாற்ற வேண்டியுள்ளது. தேய்மானம் அங்கேதான் மிகுதி.

கியர் மாறும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்கள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். உராய்வினால் அவ்வேகங்களைச் சமமாக்குவது ‘சிங்க்ரோ’ வளையம். 1961இல் வண்டலூர் ஸ்டாண்டர்ட் ஆலையிலிருந்து வெளிவந்த ஹெரால்டு காரில் முதல் கியருக்கு இவ்வளையம் கிடையாது. இன்றைய கார்களில் முன்னே செல்லும் கியர்கள் அனைத்திற்கும் உண்டு.

இனிச் சோதனைக்கு வருவோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுங்கள். கிளட்சை மிதித்ததும் இரைச்சல் அடங்கினால், கியர் பெட்டியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்த பின்னர் இரைச்சல் எழுந்தால், பழுது கிளட்ச் பேரிங்கில் இருக்கக்கூடும். அதன் செலவு குறைவு.

ஓட்டும்போது இரண்டாம் கியர் மட்டும் ‘கரகர’ என்றால் அதன் வளையம் தேய்ந்துள்ளது எனலாம். எல்லாக் கியர்களும், குறிப்பாக ரிவர்சும், கரகரத்தால் முதலில் கிளட்சைச் சந்தேகியுங்கள். மேம்பாலச் சரிவில் மூன்றாம் கியரில் இறங்குகையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அவ்வண்டி வேண்டாம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் உறுமி, வேகம் கூடாதிருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இயன்றால் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கியர் எண்ணெயைப் பாருங்கள். சாம்பல் நிற மென்பசை சிறிதளவு படிந்திருப்பது இயல்பே. விரலில் நெருடும் உலோகத் துணுக்கு இருந்தால் பல் உடைந்திருக்கக்கூடும்.

இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவானாலும், முன்பணம் கொடுக்காமல் திரும்பி விடுவதே அறிவுடைமை.