பழைய படம் புதிய கதைக்குள் நுழையும்போது

ஒரு திரைப்படம் தனக்கு முன் வந்த படங்களையும் பாடல்களையும் தன் கதைக்குள் இழுத்துக்கொள்வது தமிழுக்குப் புதிதன்று. 1964இல் வெளியான ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், பாலையாவை உட்காரவைத்துத் திகில் கதை சொல்லும் காட்சியில், சினிமா தன் தொழிலையே கேலிசெய்து சிரித்துக்கொண்டது. அன்று ஒரு காட்சியின் வேடிக்கையாக இருந்த இந்த வழக்கம், கடந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சில படங்களின் கதையையே தாங்கும் தூணாகியிருக்கிறது. எல்லாப் படங்களிலும் அது ஒரே மாதிரி வேலைசெய்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒரு வகைக் குறிப்பு, பாத்திரங்களைத் தாண்டிப் பார்வையாளரை மட்டும் நோக்கிக் கண்சிமிட்டுவது. ‘சிவாஜி’யில் (2007) இறந்துவிட்டதாக ஊர் நம்பும் நாயகன் மொட்டைத் தலையுடன் எம்.ஜி.ரவிச்சந்திரன் என்ற பெயரில் திரும்பி வரும்போது, அந்த முதலெழுத்துகளுக்கு அரங்கம் அதிர்கிறது. ஆனால் வேறு எந்தப் பெயரை வைத்திருந்தாலும் கதை அப்படியேதான் நகர்ந்திருக்கும். மூலத்தை மிகைப்படுத்தியோ தலைகீழாக்கியோ நகைப்புக்கு உள்ளாக்கும் பகடி இதற்கு அடுத்த படி. சி.எஸ்.அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010), பெண் சிசுக்கொலையைப் பேசிய பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’வைப் புரட்டிப்போட்டு, ஆண் குழந்தைகளைக் கொல்லும் ஒரு கிராமத்தில் தன் கதையைத் தொடங்குகிறது. மூலப் படங்களை அறியாதவருக்கு இதில் பாதிச் சிரிப்பு நட்டம்.

பழைய படம் கதையுலகுக்குள், அதாவது பாத்திரங்கள் வாழ்ந்து புழங்கும் அந்த உலகுக்குள்ளேயே இருப்பது இன்னொரு வகை. எம்.சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) 1980ஆம் ஆண்டு மதுரையில் நிகழ்வதால், அதன் இளைஞர்கள் ‘முரட்டுக்காளை’யைத் திரையரங்கில் கொண்டாடுவதும், அழகரும் துளசியும் பார்வையால் பேசிக்கொள்ளும்போது ‘கல்லுக்குள் ஈரம்’ படப் பாடல் ஒலிப்பதும், சுவரெழுத்தையும் சட்டைக் காலரையும் போலவே அக்காலத்தை நிறுவும் சான்றுகளாகின்றன. பாரதிராஜா இயக்குநர் வேடத்திலேயே நடித்த ‘கல்லுக்குள் ஈரம்’, கிராமத்துக்குள் வந்திறங்கும் ஒரு படப்பிடிப்புக் குழுவைப் பற்றிய கதை என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு, சினிமாவுக்குள் சினிமா என்ற அடுக்கு இங்கே மேலும் ஒன்று கூடும்.

காலத்தைக் காட்டுவதோடு நில்லாமல், பழைய படத்தின் முடிவையே புதிய படத்தின் மேல் நிழலாக விழச்செய்ய முடியும் என்பதற்குச் சி.பிரேம்குமாரின் ‘96’ (2018) நல்ல எடுத்துக்காட்டு. பாடகி எஸ்.ஜானகியின் பெயரைத் தாங்கிய ஜானகி பள்ளியில் எத்தனையோ பாடல்களைப் பாடுகிறாள். உடன்படிக்கும் ராம் கேட்கும் ‘யமுனை ஆற்றிலே’யை மட்டும், அவன் ஏங்குகிறான் என்பது தெரிந்தே, பாடாமல் தவிர்க்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் வீட்டில் மின்சாரம் போன இருட்டில் அவள் அதைப் பாடத் தொடங்க, ராம் பதறிக்கொண்டு வெளிச்சம் தேடுகிறான். அப்பாடல் மணிரத்னத்தின் ‘தளபதி’யில் சுப்புலட்சுமிக்கு உரியது, கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையின் பாடல். சுப்புலட்சுமியோ தான் நேசித்த சூர்யாவைப் பிரிந்து அர்ஜுனை மணக்கிறாள். ஆகவே ‘தளபதி’யை அறிந்தவர் ஜானகி வாய்திறந்த கணத்திலேயே, இந்தக் காதலும் கைகூடாது என்பதை உணர்ந்துவிடுகிறார். ‘தளபதி’யே மகாபாரதத்துக் கர்ணன் கதையின் மறுவடிவம் என்பதால், ஒரு பெண்ணின் குரலில் மூன்று கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, இதில் எதையும் படம் வாய்விட்டு விளக்குவதில்லை என்பதே அதன் அழகு.

‘தளபதி’ வெளியான அதே 1991 தீபாவளி நாளில் வந்து, வசூலில் அதற்குப் பின்தங்கிய சந்தான பாரதியின் ‘குணா’வுக்கு வாய்த்த மறுவாழ்வு இன்னும் விசித்திரமானது. கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளையர் காலம் முதல் அழைக்கப்பட்ட குகை, அப்படத்துக்குப் பிறகு மக்கள் வழக்கில் குணா குகையாகிப்போனது. 2006இல் கேரளத்திலிருந்து அங்கே சென்ற நண்பர் குழுவில் ஒருவர் குகைக்குழியில் விழுந்ததையும், அவரை மற்றொருவர் கயிற்றில் இறங்கி மீட்டதையும் சிதம்பரம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) என்ற மலையாளப் படமாக்கினார். இங்கே பழைய படம் வெறும் நினைவு அன்று, நிகழ்ச்சியின் காரணங்களில் ஒன்று. அந்தப் புகழ் இல்லாவிட்டால் அவ்விடம் சுற்றுலாப் பயணிகளை இவ்வளவு ஈர்த்திருக்காது. குழியிலிருந்து இருவரும் மேலே இழுக்கப்படும் கணத்தில் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாடல் எழும்போது, நாயகன் சொல்ல நாயகி எழுதும் காதல் கடிதமாக இருந்த அது, நட்பின் பாடலாக மாறிவிடுகிறது. மூலத்தில் அந்தக் காதல், மனநிலை பிறழ்ந்த ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திச்சென்று வளர்த்துக்கொண்டது. அந்த நெருடலை மலையாளப் படம் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மேற்கோள் காட்டுவது என்பது தேவையானதைத் தேர்ந்து மற்றதை மறக்கச் செய்வதும்தான்.

அதே ஆண்டில் தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’, விஜயகாந்த் ரசிகனான கெத்து மட்டையோடு களமிறங்கும்போதெல்லாம் 1989ஆம் ஆண்டின் ‘பொன்மனச் செல்வன்’ பாடலை ஒலிக்கவிட்டது. விஜயகாந்த் மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் படம் வந்ததால், அரங்குகளில் எழுந்த ஆரவாரத்தில் அஞ்சலியும் கலந்திருந்தது. எனினும் அப்பாடலை நீக்கினால் கெத்து என்ற மனிதனில் ஏதோ குறையும் என்பதால், ‘சிவாஜி’யின் முதலெழுத்து விளையாட்டோடு இதை ஒரே தட்டில் வைக்க இயலாது.

பாடல்களின் இந்த இரண்டாம் பயணத்துக்கு வணிகப் பக்கமும் உண்டு. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பெருவெற்றி பெற்ற பின், தம் பாடலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக இளையராஜா தரப்பு அறிவிக்கை அனுப்ப, உரிமை வைத்துள்ள இசை நிறுவனங்களிடம் முறைப்படி அனுமதி பெற்றதாகத் தயாரிப்புத் தரப்பு பதிலளித்தது. பாத்திரத்தின் நெஞ்சில் ஒரு பழைய பாடலைக் குடியேற்ற விரும்பும் இயக்குநர், அந்தப் பாடலின் உரிமை இசையமைப்பாளரிடமா நிறுவனத்திடமா என்பதையும் இனித் திரைக்கதை எழுதும் மேசையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.