மழை மாதத்து முந்திரிக்கொத்து

எங்கள் பக்கம் தீபாவளியும் கிறிஸ்துமஸும் மழை மாதத்தில்தான் வருகின்றன. ஆத்தூரில் ஒருபுறம் தாமிரபரணி, கொஞ்சம் தள்ளிப் புன்னைக்காயலில் கடல். அக்டோபர் பிறந்துவிட்டால் உப்புக்கூட டப்பாவுக்குள் கசியும். அந்த ஈரக் காற்றில் பத்துப் பதினைந்து நாள் தாங்குகிற இனிப்பு முந்திரிக்கொத்து. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அது எப்படித் தாங்குகிறது என்று சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் தூத்துக்குடி என்றதும் மக்ரூன் கேட்பார்கள். அது பேக்கரிப் பண்டம். வீட்டில் நாலு பேர் கூடி உட்கார்ந்து உருட்டுவது இதைத்தான்.

சிறுபயறை வாசம் வர வறுத்து, ஆறவிட்டுத் திரித்துக்கொள்ளுங்கள். எள்ளைப் பொரியவிடுங்கள். தேங்காய்த் துருவலை மட்டும் நிதானமாகச் சிவக்க வறுக்க வேண்டும். அதில் ஈரம் தங்கினால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். ஏலக்காயும் சுக்கும் கடைசியில்.

இனிப்புக்குக் கருப்பட்டி. சீனியில் செய்பவர்களும் உண்டு. எனக்கு மனம் ஒப்பாது. உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே கிடைக்கிறது. 2023இல் அதற்கும் எங்கள் ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பும் தூசியும் கருப்பட்டியில் கொஞ்சம் தங்கியிருக்கும். அதனால் தட்டிப் போட்டுக் கரைத்ததும் கட்டாயம் வடிகட்ட வேண்டும்.

இனிமேல்தான் பொறுமை. பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி, சூடு 100 டிகிரியைத் தாண்டி மெல்ல ஏறும். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள். அறுந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஒற்றைக் கம்பியாக நீண்டால் உடனே இறக்கிவிடுங்கள். பதம் முந்தினால் உருண்டை இளகி எண்ணெயில் பிரிந்துபோகும், சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும். பிந்தினால் உருட்டுவதற்குள் இறுகிவிடும். மிச்சமிருக்கும் தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பூஞ்சைக்கு அது கிடைப்பதில்லை. பண்டம் கெடாத ரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

மாவில் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். இரவு முழுக்கத் தட்டில் பரப்பி வைத்தால் மேற்புறம் உலர்ந்து கெட்டிப்படும்.

மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, பஜ்ஜி மாவைவிடச் சற்றுத் தளரக் கரையுங்கள். இந்தத் தோல் அழகுக்காக மட்டும் இல்லை. கருப்பட்டி நேராக எண்ணெயில் பட்டால் கருகி, எண்ணெயையும் கறுக்க வைக்கும். சிலர் மைதா கலப்பார்கள். அது சீக்கிரம் சவசவத்துப் போகிறது. அரிசி மாவுதான் மொறுமொறுப்பாக நிற்கும்.

மூன்று மூன்றாகத் தோய்த்து, ஒன்றையொன்று தொட விட்டால் மாவு வெந்து கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மிதமான தீ போதும். உள்ளே இருப்பது ஏற்கெனவே வறுபட்டதுதான். எண்ணெயில் கேட்கிற சலசலப்பு மாவின் ஈரம் வெளியேறுகிற சத்தம். அது அடங்கியதும் அரித்தெடுங்கள்.

டின்னில் போடுமுன் நன்றாக ஆறட்டும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி கோத்து, இவ்வளவு பாடுபட்டு விரட்டிய ஈரம் மறுபடி உள்ளேயே சொட்டும்.